யாருக்கு, எப்போது: ஒரு பத்திரிகைக் கடைக்காரியின் கணக்கு

கொரட்டூரில் கல்யாணப் பத்திரிகைக் கடை வைத்திருக்கிறேன். மாடல் ஆல்பத்தைப் புரட்டி, விலை பேசி, முன்பணம் கொடுத்துவிட்டு எழுந்திருக்கும்போது எல்லோரும் ஒரு கேள்வி கேட்பார்கள். "எப்பலேர்ந்து பத்திரிகை வைக்க ஆரம்பிக்கலாம்மா?" மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் அது சாதாரண விசாரணை. பெண் வீட்டார் கேட்டால் அதில் கொஞ்சம் பயமும் இருக்கும். ரொம்ப முன்னாடி வைத்தால் மறந்துபோவார்கள். தள்ளிப்போட்டால், "எங்க ஞாபகம் இப்பதான் வந்துச்சா?" என்று வாசலிலேயே கேட்டுவிடுவார்கள்.

முப்பது நாள் என்பார் ஒருவர், ஒரு மண்டலம் என்பார் இன்னொருவர். நான் பதிலுக்கு ஒரு கேள்விதான் கேட்பேன். "யாருக்கு வைக்கிறதைக் கேக்கறீங்க?" முகூர்த்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால் எல்லோருக்கும் ஒரே நாள்தான் வரும். வரவேண்டியவர் வந்து சேர என்னவெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது என்று அவர் வீட்டு வாசலிலிருந்து எண்ணினால் வீட்டுக்கு வீடு வேறு நாள் வரும். அந்த இரண்டாவது கணக்குதான் சரி. இத்தனை வருஷம் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கு விளக்கம்.

அப்பா பாடியில் ஒரு சின்ன அச்சகத்தில் கம்பாசிட்டர். ஈய எழுத்தைத் தலைகீழாகப் படிக்க அவரிடம்தான் கற்றேன். அப்போது பத்திரிகை அடிக்கும் நாளை முடிவு செய்தது ஜோசியர் பாதி, அச்சகம் பாதி. சின்ன அச்சகத்தில் எழுத்துகள் அளவாகத்தான் இருக்கும். ஒரு வீட்டுப் பத்திரிகையைக் கோத்து, புரூஃப் எடுத்து, ட்ரெடில் மெஷினில் அடித்து முடித்து, எழுத்துகளைப் பிரித்து மறுபடி கேஸில் போட்டால்தான் அடுத்த வீட்டுப் பெயர்களைக் கோக்க முடியும். சுற்றத்தார் பெயர் நீளமாக இருக்கும் குடும்பம் வந்தால் 'ன்' எழுத்து தீர்ந்துபோகும். இரண்டு கலர் என்றால் இரண்டு முறை மெஷினில் ஏற்ற வேண்டும். ஆக, ஆர்டர் கொடுத்து பத்து நாள் கழித்துத்தான் கட்டு கைக்கு வரும். அந்தப் பத்து நாளையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்துப் பெரியவர்கள் இரண்டு மாதம் முன்பே வந்து நின்றார்கள்.

பிறகு ஸ்கிரீன் பிரிண்டிங் வந்தது. பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போய்க் காலி கார்டு எடுத்துவந்து இங்கே அடித்துக் கொடுத்தோம். அதிலும் ஒரு சங்கடம். ஐப்பசி, கார்த்திகை நல்ல முகூர்த்த மாதங்கள். சென்னைக்கு மழை மாதங்களும் அவைதான். தங்கக் கலர் மை காயவே காயாது. ஈரத்தோடு அடுக்கினால் ஒரு கார்டின் மாப்பிள்ளை பெயர் இன்னொரு கார்டின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். மழை நாளில் கேட்டவர்களுக்கு ஒரு வாரம் கூட்டியே சொல்வேன். இன்றைக்கு அந்தக் கவலை இல்லை. காலையில் மேட்டர் கொடுத்தால் மறுநாள் சாயங்காலம் எடுத்துப்போகலாம். ஆனால் அச்சு வேகமானதும் வீட்டுக்காரர்கள் முடிவெடுப்பது மெதுவாகிவிட்டது. முன்பு பத்து நாள் என்னிடம் கழிந்தது. இப்போது அதே பத்து நாள், எந்தப் பிள்ளையார் படம் போடுவது என்று அவர்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் கழிகிறது.

அச்சுக்கு எடுப்பதற்கு முன் நான் மூன்று விஷயம் பார்ப்பேன். முதலில் மண்டபத்தின் ரசீது. "பேசி வெச்சிருக்கோம்" என்பது ரசீது ஆகாது. வரவேற்பு முதல் நாள் மாலை, முகூர்த்தம் மறுநாள் காலை என்பது நம் சென்னை வழக்கம். மண்டபம் எத்தனை மணிக்குக் கைக்கு வருகிறது என்பது அந்த ரசீதில்தான் இருக்கும். இரண்டாவது, ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை மூன்றும் பொருந்துகிறதா என்பது. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் மாதப் பிறப்பு சில சமயம் ஒரு நாள் மாறும். அதனால் சுவரில் இருக்கும் காலண்டரை மட்டும் நம்பாமல், நிச்சயதார்த்தத்தில் வாசித்த லக்னப் பத்திரிகையைக் கொண்டுவரச் சொல்வேன். மூன்றாவது, பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 ஆகிவிட்டதா என்பது. 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் நடத்திவைப்பவர்களையும் துணைபோகிறவர்களையும் கேள்வி கேட்கிறது. பிறந்த தேதியைக் கேட்டதும் எழுந்துபோனவர்களும் உண்டு. போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஆடியும் மார்கழியும் வந்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் குழம்பும். அந்த மாதங்களில் கல்யாணம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆவணி முதல் வாரத்திலோ தை முதல் வாரத்திலோ கல்யாணம் வைத்திருப்பவர்களுக்குத்தான் அதில் இருக்கும் இடைஞ்சல் தெரியும். தை பத்தாம் தேதி கல்யாணம் என்றால் ஒரு மாதம் முன்பு என்பது மார்கழியில் போய் நிற்கும். மார்கழியில் சுப காரியத்தைத் தொடங்க மாட்டார்கள். அதனால் கார்த்திகை முடிவதற்குள் பத்திரிகை வீட்டுக்கு வந்து, மஞ்சள் தடவி, சாமி முன்னால் வைத்துவிட வேண்டும். தொடக்கம் கார்த்திகையில் நடந்துவிட்டால், மார்கழியில் ஊர் ஊராகப் போய் வைப்பதற்குத் தடையில்லை என்று பெரும்பாலான வீடுகளில் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். ஆடியில் இன்னும் கெடுபிடி. ஆடிப்பெருக்கு அன்று மட்டும் வைக்கலாம் என்று ஒரு கட்சி, ஆனியிலேயே முடித்துவிட வேண்டும் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் ஒரே வீட்டில் சம்பந்திகளாக இருப்பதும் உண்டு.

இதனால் டிசம்பர் முதல் இரண்டு வாரம் என் கடையில் நிற்க இடமிருக்காது. தைக் கல்யாணங்களின் பத்திரிகையும் அப்போதுதான் வரும். சிவகாசியிலிருந்து வந்த தினசரி காலண்டர் அட்டைகளில் மளிகைக்கடை, நகைக்கடை பெயர்களை அடிக்கும் வேலையும் அப்போதுதான். அதனால் தைக் கல்யாணக்காரர்களை ஐப்பசியிலேயே வரச் சொல்லிவிடுவேன். நல்லவேளை, கொரட்டூரில் எல்லோரும் ஒரே பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் இல்லை. சர்ச்சில் கல்யாணம் என்றால் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்க வேண்டும். முதல் ஓலை வாசித்த பிறகே பத்திரிகையை வெளியே எடுக்கும் குடும்பங்கள் உண்டு. தவக்காலத்தில் கல்யாணம் இருக்காது என்பதால் ஈஸ்டருக்குப் பிந்தைய பத்திரிகைகள் அந்த நாற்பது நாளில் அடிக்கப்படும். ஷவ்வால் மாதத்தில் நிக்காஹ் வைப்பவர்கள் ரமலானுக்கு முன்பே கட்டை எடுத்துப்போவார்கள்; நோன்பு வைத்துக்கொண்டு வெயிலில் வீடு வீடாக யார் அலைவது?

முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. இதில் எந்த வீட்டிலும் மாற்றுக்கருத்து இல்லை. குலதெய்வம் தூரத்து ஊரில் இருந்தால், அதுவரைக்கும் பாடி திருவலிதாயம் சிவன் கோயிலில் வைத்து எடுத்துக்கொள்வார்கள். திருப்பதி தேவஸ்தானத்துக்குத் தபாலில் ஒன்று அனுப்புவார்கள். அங்கிருந்து அட்சதையும் குங்குமமும் தபாலில் திரும்பி வரும். கல்யாணத்துக்குள் அது வந்து சேர வேண்டும் என்றால் அந்தப் பத்திரிகையும் முதல் கட்டிலேயே கிளம்பிவிட வேண்டும்.

இரண்டாவது பத்திரிகை தாய்மாமனுக்கு என்பார்கள். என் கடையில் நான் பார்த்தவரை, பல வீடுகளில் இரண்டாவது பத்திரிகை ஏதோ ஒரு அலுவலகத்துக்குத்தான் போனது.

இது தொழிற்பேட்டைப் பக்கம். லூகாஸ், வீல்ஸ் இந்தியா, பிரிட்டானியா, டி.ஐ. சைக்கிள் என்று சுற்றிலும் கம்பெனிகள். பெண் கல்யாணத்துக்கு அங்கே வேலை செய்தவர்களிடம் இருந்த பெரிய பணம் பி.எஃப். பணம். ஏழு வருஷம் சந்தா கட்டியிருந்தால், கல்யாணச் செலவுக்குத் தன் பங்கிலிருந்து பாதி வரை எடுக்கலாம் என்பது அப்போதைய விதி. அதற்கான மனுவோடு பத்திரிகையை இணைக்க வேண்டியிருந்தது. பணம் வந்தால்தான் நகைக்கும் மண்டபத்துக்கும் மீதியைக் கட்ட முடியும். பத்திரிகை இருந்தால்தான் பணம் வரும். எனவே மற்ற எதுவும் முடிவாகாத நிலையில் பத்திரிகையை மட்டும் முதலில் அடிக்க வருவார்கள். "நாலு கார்டு மட்டும் இப்ப குடுங்கம்மா, மீதி அப்புறம் எடுத்துக்கறேன்" என்று கேட்டு, அதை எடுத்துக்கொண்டு முகப்பேரில் இருக்கும் பி.எஃப். ஆபீசுக்கு ஓடுவார்கள். 2017-இல் ஒரே படிவமாக மாற்றி, அத்தாட்சி வேண்டாம் என்று ஆக்கிய பிறகு அந்த ஓட்டம் நின்றது.

அதைவிடக் கண்டிப்பான கணக்கு ஒன்று இருந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் தமிழக அரசு தொடங்கிய திருமண உதவித் திட்டத்துக்குக் கல்யாணத்துக்கு 40 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், பத்திரிகையோடு. 2011-க்குப் பிறகு தாலிக்கு நாலு கிராம் தங்கமும், 2016-இலிருந்து எட்டு கிராமும் கிடைத்தது. பத்தாவது படித்த பெண்ணுக்கு 25,000 ரூபாய், பட்டதாரிக்கு 50,000 ரூபாய் வேறு. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் 'நாற்பது நாள் முன்னாடி பத்திரிகை' என்ற பேச்சு ஊன்றியதற்குச் சாஸ்திரத்தைவிட இந்தத் திட்டம்தான் காரணம் என்று நினைக்கிறேன். பத்திரிகைக்கு ஏழைகளிடம் முன்பணம் வாங்காமலேயே அடித்துக் கொடுத்திருக்கிறோம். நாற்பதாவது நாள் தப்பிவிட்டால் எட்டு கிராம் போய்விடுமே. 2022-இல் அந்தத் திட்டம் கல்லூரிப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமாக மாறிவிட்டது. படிப்புக்கு நல்லது. ஆனால் நாற்பது நாள் என்ற பேச்சு மட்டும் காரணம் மறந்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பத்திரிகைக்கு எவ்வளவு மதிப்பு ஏறமுடியும் என்பதை 2016 கார்த்திகையில் பார்த்தேன். நவம்பர் 8 இரவு பெரிய நோட்டுகள் செல்லாது என்றார்கள். ஐப்பசிக் கடைசியும் கார்த்திகையும் முகூர்த்த காலம். கையில் பணமில்லாமல் ஜனங்கள் தவித்தபோது, டிசம்பர் 30-க்குள் கல்யாணம் வைத்திருப்பவர்கள் கணக்கிலிருந்து இரண்டரை லட்சம் வரை எடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி நவம்பர் 21-ஆம் தேதி சுற்றறிக்கை விட்டது. அத்தாட்சியாகக் கேட்டது பத்திரிகையும் முன்பணம் கட்டிய ரசீதுகளும். பத்திரிகையெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்ட ஒரு அப்பா, "ஒண்ணே ஒண்ணு அடிச்சுக் குடுங்கம்மா, பாங்க்ல கேக்கறாங்க" என்று வந்து நின்றார். அந்தப் பத்திரிகையை அவருக்கு அழைப்பாகக் கொடுக்கவில்லை, காசோலையாகத்தான் கொடுத்தேன். கல்யாணமே இல்லாத இரண்டு பேரும் பத்திரிகை கேட்டு வந்தார்கள், அனுப்பிவிட்டேன். அதே கார்த்திகையில்தான் டிசம்பர் 5-ஆம் தேதி முதலமைச்சர் ஜெயலலிதா இறந்தார். ஊரே மூடிக் கிடந்தது. ஒரு வாரம் கழித்து 12-ஆம் தேதி வர்தா புயல். அந்த மாதம் பத்திரிகை வைத்தவர்கள் போன் வந்தாலே பயந்தார்கள்.

தேர்தல் வந்தாலும் பத்திரிகைக்கு வேறு உத்தியோகம் உண்டு. ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் எடுத்துப்போனால் பறக்கும் படை நிறுத்திக் கணக்குக் கேட்கும். நகைக்கடைக்குப் போகிறவர்கள் கைப்பையில் ரசீதோடு ஒரு பத்திரிகையையும் வைத்துக்கொள்வார்கள். கல்யாணம் முடிந்த பிறகும் அதற்கு வேலை தீர்வதில்லை. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எந்தக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். கல்யாணம் நடந்ததற்கு ஆதாரமாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரிகை கேட்பார்கள். அதனால் ஒரு பத்துப் பத்திரிகையை யாருக்கும் கொடுக்காமல் பீரோவில் வைக்கச் சொல்லுவேன்.

அடுத்த கணக்கு ரயிலில் வருகிறவர்களுடையது. பாடி, கொரட்டூர் பக்கத்துக் குடும்பங்களில் பாதிக்கு வேர் திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கம். வேலைக்காக வந்து, ஹவுசிங் போர்டில் வீடு வாங்கி, பிள்ளைகளை இங்கேயே வளர்த்தவர்கள். அவர்களுடைய அண்ணன் தம்பிகள் நெல்லை எக்ஸ்பிரஸிலோ முத்துநகர் எக்ஸ்பிரஸிலோ வர வேண்டும். 2015 ஏப்ரலிலிருந்து 120 நாள் முன்பே டிக்கெட் எடுக்கலாம் என்றிருந்தது. 2024 நவம்பர் 1-ஆம் தேதியிலிருந்து அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்குக் கவுன்ட்டர் திறந்தால் பொங்கலை ஒட்டிய நாட்களுக்குச் சில நிமிடத்தில் காலியாகிவிடும். அந்த எட்டு மணிக்கு ஊரில் இருக்கும் சித்தப்பாவுக்குத் தேதி தெரிந்திருக்க வேண்டும். பத்திரிகை கையில் இருக்க வேண்டியதில்லை. தேதியும், மண்டபம் எந்த ஸ்டேஷனுக்குப் பக்கம் என்பதும் தெரிந்தால் போதும். ஆகவே வெளியூர்க்காரர்களுக்கு அறுபத்தைந்தாவது நாளில் போன் செய்து சொல்லிவிடுங்கள், பத்திரிகையை நேரில் போய் வைப்பதை மெதுவாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். அப்படிச் சொல்லாமல் ஒரு மாதம் முன்பு தாம்பூலத் தட்டோடு ஊருக்குப் போய் நின்றால், "டிக்கெட்டே இல்லையே, எப்படி வர்றது?" என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வேனில் வருகிற ஊர்க்காரர்களுக்கு, வந்தவாசி, ஆரணிப் பக்கம் என்றால், மூன்று வாரம் போதும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் பொருந்தாது. லீவும் விமான டிக்கெட்டும் ஆறு மாதக் கணக்கு. அமெரிக்காவில் தேதியை முதலில் ஒரு சின்ன அட்டையில் அனுப்பிவிட்டு, ஆறு முதல் எட்டு வாரம் முன்பு முறையான அழைப்பை அனுப்பி, வருகிறார்களா இல்லையா என்று பதிலும் எழுதி வாங்குவார்களாம். அங்கே இருந்து வந்த ஒரு மாப்பிள்ளை நம் பத்திரிகையிலும் பதில் கேட்டு ஒரு வரி போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். ஒருத்தர்கூடப் பதில் சொல்லவில்லை. நம் ஊரில் பத்திரிகை வாங்கிக்கொண்டு "வர முடியாது" என்று யார் வாயால் சொல்வார்கள்? "கண்டிப்பா வந்துடறோம்" என்பதுதான் எல்லோருடைய பதிலும். வருவதையும் வராததையும் பெண்ணின் அம்மா அவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சமையல்காரருக்கு அந்தத் தகவல் தேவை. முகூர்த்தத்துக்கு எத்தனை இலை, வரவேற்புக்கு எத்தனை இலை என்று ஒரு வாரம் முன்பு அவர் கேட்பார். பத்திரிகை வைத்து முடித்திருந்தால்தான் ஓர் எண் சொல்ல முடியும். அதனால் ஆரம்பிக்கும் நாளைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள், முடிக்கும் நாளைப் பற்றித்தான் நான் வற்புறுத்துவேன். பத்து நாள் முன்பு பெரிய சுற்று முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு உங்களுக்குப் பந்தல்கால், ஜாக்கெட், பாத்திரம் என்று ஆயிரம் இருக்கிறது.

உள்ளூர்ச் சொந்தங்களுக்கு நாள் முக்கியமில்லை, வரிசைதான் முக்கியம். தாய்மாமனுக்கு முன்னால் சின்ன மாமியாருக்குப் போய்விட்டால் அது இருபது வருஷம் பேசப்படும். பங்காளிகளில் மூத்தவர் வீட்டைத் தாண்டி இளையவர் வீட்டுக்குப் போகக்கூடாது. இரண்டு பேரும் ஒரே தெருவில் இருந்தாலும் மூத்தவர் வீடு பூட்டியிருந்தால் திரும்பி வரத்தான் வேண்டும். நெருங்கிய சொந்தத்துக்குப் புருஷன் பெண்சாதி இருவரும் சேர்ந்து போக வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் குங்குமம் வைத்துக் கொடுக்க வேண்டும். இருவருக்கும் லீவு கிடைப்பது ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு வரை ராகு காலம். மனுஷர் வீட்டில் இருக்கும் நேரமும் அதுதான். அதனால் நாலரைக்குள் வீட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும், அல்லது பக்கத்துக் கோயிலிலோ டீக்கடையிலோ ஆறு மணி வரை உட்கார்ந்திருக்க வேண்டும். இப்படி ஒரு ஞாயிற்றுக்கு நாலைந்து வீட்டுக்கு மேல் முடியாது. ஒவ்வொரு வீட்டிலும் காபி குடிக்காமல் விடமாட்டார்கள்.

கொரட்டூர்க்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு ரயில் லைன். ஒரு ஞாயிறு பட்டரவாக்கம், அம்பத்தூர், ஆவடி என்று திருவள்ளூர் வரை. அடுத்த ஞாயிறு வில்லிவாக்கம், பெரம்பூர். இன்னொரு ஞாயிறு தாம்பரம் லைன். இப்படி நான்கு ஞாயிறு, நடுவில் ஒன்று அஷ்டமியிலோ நவமியிலோ சாவு வீட்டிலோ போய்விடும் என்று வைத்தால் ஐந்து வாரம். உள்ளூர்ச் சுற்றுக்கு ஐந்து வாரம் என்று நான் சொல்வதற்கு இந்த ஞாயிற்றுக் கணக்கைத் தவிர வேறு அடிப்படை இல்லை. பட்டியலைத் தெருவாரியாக எழுதாமல் சொந்தவாரியாக எழுதி வருகிறவர்களைத் திருப்பி அனுப்பி, லைன்வாரியாகப் பிரித்து எழுதச் சொல்வேன். ஒரே வீட்டுக்கு இரண்டு பத்திரிகை போவதும் அதில் தெரிந்துவிடும்.

கம்பெனி நண்பர்களுக்குப் பத்து நாள் போதும். அவர்கள் வரப்போவது மாலை வரவேற்புக்கு. முன்னாடியே கொடுத்தால் லாக்கரில் தூங்கும். ஆனால் மூன்று ஷிப்டிலும் ஆள் இருப்பார்கள். ஏ ஷிப்டுக்காரர் தன் ஷிப்டில் மட்டும் கொடுத்துவிட்டால் சி ஷிப்டில் மனஸ்தாபம். ஷிப்ட் மாறும் வாரத்தைப் பார்த்து, மாறுவதற்கு முந்தைய நாளும் மாறிய நாளும் கொடுத்தால் எல்லோர் கைக்கும் போய்விடும். பக்கத்து வீடு, எதிர் வீடு கடைசி வாரத்தில். தினமும் முகம் பார்க்கிறவர்கள். அவர்களுக்குத் தேதி முன்பே தெரியும். ஆனாலும் தட்டோடு போய்த்தான் வைக்க வேண்டும்.

தபாலில் அனுப்பும் பழக்கம் கிட்டத்தட்ட ஒழிந்துவிட்டது. அப்போது கவரை ஒட்டாமல் வாயை உள்ளே மடித்து 'புக் போஸ்ட்' என்று எழுதிப் போடுவோம், செலவு குறைவு. மூன்று வாரம் முன்பு போட்டால்தான் நிம்மதி. வர முடியாதவர்கள் வாழ்த்துத் தந்தி அடிப்பார்கள் என்பதற்காக மண்டபத்தின் முகவரியைப் பின்கோடோடு போடச் சொல்வார்கள். 2013 ஜூலையில் தந்தியே நின்றுபோனது. பின்கோடு மட்டும் பத்திரிகையில் நிற்கிறது.

ரொம்ப முன்னாடி வைப்பதில் மறதியைவிடப் பெரிய ஆபத்துகள் உண்டு. தாத்தா பெயரை மேலே போட்டு மூன்று மாதம் முன்பே ஐந்நூறு அடித்து வாங்கிப்போனார் ஒருவர். பெரியவர் போய்விட்டார். கல்யாணம் தள்ளிப்போகவில்லை, பெரியவர் ஆசைப்படியே அதே தேதியில் நடத்தினார்கள். ஆனால் கொடுத்தது நூறு, கொடுக்காதது நானூறு. தீட்டு முடிந்து பதினாறாம் நாளுக்குப் பிறகு வந்து, அவர் பெயரை 'தெய்வத்திரு' போட்டு மறுபடி அடித்தோம். 2020 பங்குனியில் ஊரடங்கு வந்தபோது சித்திரை, வைகாசிக் கல்யாணத்துக்கு ஏற்கெனவே பத்திரிகை வைத்துவிட்டவர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து "வராதீங்க" என்று சொல்ல வேண்டியதாயிற்று. நூற்றுக்கணக்கில் கூப்பிட்டுவிட்டு, ஐம்பது பேருக்குத்தான் அனுமதி. வைத்த பத்திரிகையைத் திரும்பப் பெறும் வழக்கம் நம்மிடம் இல்லை. அந்த வருஷம் நான் அடித்ததெல்லாம் இருபத்தைந்து, முப்பது என்ற சின்னக் கட்டுகள். அதுவும் மாவட்டம் தாண்ட இ-பாஸ் வாங்குவதற்காக. பத்திரிகையைப் படம் பிடித்து ஏற்றினால்தான் கல்யாணத்துக்கென்று பாஸ் கிடைத்தது.

அன்றிலிருந்து கட்டு பெரிதாகவே இல்லை. ஆயிரம் அடித்த குடும்பத்தில் இருநூறு அடிக்கிறார்கள், மற்றவர்களுக்கு வாட்ஸ்அப். எனக்கு வருமானம் குறைந்தது. ஆனால் தேதி சொல்வதும் அழைப்பதும் தனித்தனியாகப் பிரிந்தது நல்லது என்றே சொல்வேன். தேதியைப் போனில் அறுபத்தைந்து நாள் முன்பு சொல்லலாம். அழைப்பை ஐந்து வாரத்துக்குள் நேரில் வைக்கலாம். இரண்டையும் ஒரே அட்டை சுமந்தபோதுதான் சீக்கிரமா தாமதமா என்ற குழப்பம் இருந்தது. ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்வேன்: படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ அனுப்புங்கள். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏ.பி.கே. கோப்பு அனுப்பி வங்கிக் கணக்கைச் சுரண்டுகிறார்கள் என்று 2024 நவம்பரில் இமாசலப் பிரதேசக் காவல்துறை எச்சரித்தது. அதன் பிறகு இங்கேயும் வயதானவர்கள் தெரியாத எண்ணிலிருந்து பத்திரிகை வந்தால் திறப்பதில்லை. அனுப்பும் முன் ஒரு போன், அல்லது அனுப்பிய பின் ஒரு போன். எப்படியும் போன் பேசித்தான் ஆக வேண்டும்.

கட்டு வாங்கிப்போக வருகிறவர்களுக்கு இவ்வளவையும் சொல்லமுடியாது. பட்டியலில் நாலு கோடு போடச் சொல்கிறேன்: டிக்கெட் எடுக்க வேண்டியவர்கள், வரிசை பார்க்கிறவர்கள், மாலையில் வந்துபோகிறவர்கள், தினமும் பார்க்கிறவர்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நாள் தானாக வரும். கூடவே, சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஐம்பது கவர் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். வியாபாரத்துக்குச் சொல்கிறேன் என்று நினைப்பார்கள். கடைசி வாரத்தில் அவர்களே வந்து இன்னும் இருபது இருக்கிறதா என்று கேட்பார்கள்.

ஏனென்றால் எவ்வளவு நல்ல பட்டியலிலும் ஒரு பெயர் விட்டுப்போகும். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அப்பாவின் பழைய சூப்பர்வைசரோ, பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தபோது ஆட்டோ பிடித்துக்கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவோ நினைவுக்கு வருவார்கள். "இனிமே வெச்சா நல்லா இருக்காதேம்மா, விட்டுடலாமா?" என்று என்னிடம் கேட்பார்கள். விடாதீர்கள். புருஷன் பெண்சாதி இருவரும் அன்றைக்கே தட்டோடு போங்கள். இன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது என்ற உண்மையை மட்டும் சொல்லிவிடாதீர்கள். "உங்களுக்கு நேர்ல வந்துதான் வைக்கணும்னு இருந்தோம், இன்னைக்குத்தான் முடிஞ்சுது" என்று சொல்லுங்கள். அவர்களுக்கும் விஷயம் புரியும். கல்யாணத்துக்கும் வந்துவிடுவார்கள்.